காலி

மார்கழி நாலரை மணிக்குச்
சாவியைத் திருப்பினால்
கர்ர் கர்ர் என்று இருமிவிட்டுத்
தலையைத் தொங்கப்போடுகிறது வண்டி.
என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னது.
பள்ளிப்பட்டுக்கு மேற்கே, கடைசித் தெருவிளக்கின் கீழ்,
கேஜ் வீலோடு
ரெண்டு மாசமாய் இதே பாட்டு.
குளிர் வந்ததும் ராகம் நீண்டுவிட்டது.

தேசம்மா போனில்.
"தண்ணி கட்டிட்டேன். கரண்ட் ஏழுக்குப் போயிடும்.
வர்றியா, இல்ல
அத்திமாஞ்சேரிப்பேட்டை வண்டிக்குச் சொல்லிடவா?"
வந்துட்டே இருக்கேன் என்றேன்,
சீட்டில் அசையாமல் உட்கார்ந்தபடி.

பேட்டரி என்றார் பால்காரர்.
எட்டாயிரம், புதுசு போட்டேன்.
நாஸில் என்றான் மச்சினன்.
கழற்றித் திருத்தணிக்கு அனுப்பி
டெஸ்ட் பண்ணி மாட்டினேன்.
திருஷ்டி என்றாள் வீட்டுக்காரி.
செலவு குறைந்த வைத்தியம் அது ஒன்றுதான்.
ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணி காட்டினால்
ஒரு அதட்டு அதட்டி அடங்கும்,
குடிகாரன் தூக்கத்தில் யாரையோ வைவது போல.

தஸ்தகீர் நகரியிலிருந்து வந்து சேர
ஐந்தே கால்.
மங்கி குல்லா, டிவிஎஸ், என் வயசு.
ஸ்பானர் பையை இறக்கவில்லை.
பேட்டரி பக்கமே திரும்பவில்லை.
"செல்ஃப் கொட்டு" என்றார்.
நான் திருப்பத் திருப்ப
சைலன்ஸர் வாயையே பார்த்து நின்றார்,
பிறை தேடுகிறவர் மாதிரி.

"பொக லேது."
வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை.
கறுப்பு என்றால் எரிகிறது, அரைகுறையாய்.
புகையே இல்லை என்றால்
போய்ச் சேரவே இல்லை.
பம்பின்மேல் உள்ளங்கை வைத்துச் சொன்னார்:
"காலி."

எனக்கு அடிவயிறு இறங்கியது.
பம்ப் காலி. முப்பதாயிரம்.
இந்தப் போகத்து நடவு ஓட்டம் காலி,
சொசைட்டித் தவணை காலி என்று
கணக்கு ஓடுகிறது
"பட்டிந்தி" என்று அவர் முடிப்பதற்குள்.
பதினோரு வருஷமாய் இந்தப் பக்கம் இருக்கிறேன்,
புத்தூர்ச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிறேன்,
பயந்தால் மட்டும் காது
செய்யாறுக்கு ஓடிவிடுகிறது.
காலி என்றால் அவருக்குக் காற்று.

ஃபில்டர் தலையில் ஒரு ஸ்க்ரூ, ரெண்டு சுற்று.
கைப்பம்பை நான் அமுக்க
முதலில் நுரை,
பிறகு எச்சில் மாதிரிக் குமிழ்,
பிறகு குமிழ் இல்லாத ஒரே கோடு.
மூடினார். "இது முதலுதவி."
டார்ச்சைப் பல்லில் கவ்வி
டேங்கிலிருந்து வரும் பைப்பை
விரலால் தடவிக்கொண்டே போய்
ஒரு போல்ட்டில் நின்றார்.
அடியில் செப்பு வாஷர், ஓரத்தில் மயிரிழைக் கீறல்.
வெளியே சொட்டாது.
ராத்திரி முழுக்க உள்ளே மூச்சிழுக்கும்,
டீசல் சீட்டுக்கடி டேங்குக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"மூக்கைச் சரிவுல வெச்சு நிறுத்தினா தெரியாது.
டேங்க் மேல போயிடும் கதா."

சரிவு.
புத்தூரில், மாந்தோப்பு மேட்டில்
சுப்பராஜு காட்டிய வண்டி
ஒரே செல்ஃபில் எழுந்ததே.
பணத்தை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
"எப்பவும் கிழக்கு பார்த்து நிறுத்து தம்பி. ராசியான வண்டி."
நிறுத்தினேன்.
சமதரையில், ஒரு நாள் தவறாமல், கிழக்கு பார்த்து.
அவர் மேட்டில் கிழக்கு என்பது பள்ளம்.

சொன்னேன்.
தஸ்தகீர் சிரிக்கவில்லை.
எங்கள் கேஸ் அடுப்பில், இடுக்கி முனையில்
வாஷர் சிவப்பதையே பார்த்தார்.
தண்ணீரில் போட்டார். சுர்ர்.
சூடு கண்ட செப்பு இளகுமாம்.
உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே,
"ராஜுகாருக்கு நான்தான் சொன்னேன்,
மேட்டில் நிறுத்தச் சொல்லி.
அன்னிக்குக் கையில வாஷர் இல்ல."

நூற்றைம்பது வாங்கினார்.
நூறுதான் கொடுக்கலாமா என்று யோசித்தேன்,
கொடுத்துவிட்டேன்.

ஆறு இருபது. வெள்ளையாய் ஒரு வாய்,
பிறகு நிறமில்லாமல்.
தேசம்மா மறுபடி அடித்தாள்.
"வர்றியா இல்லியா?"
போனைச் சைலன்ஸர் பக்கம் நீட்டினேன்.