வயிற்றுக்கு ஒரு குழி

மனவுஸ். ஜனவரி. விடிய மூன்று மணி.
ஏழாம் கட்டிலில் எடிவானியா,
இருபத்தொன்பதாவது வாரம்.

விரலைக் கவ்விய கருவி
தொண்ணூற்று மூன்று என்கிறது.
வேறொருத்தி என்றால்
பார்க்கலாம் என்று காபிக்குப் போயிருப்பேன்.
ஈருயிர்க்காரிக்கு அது போதாது.
உள்ளே இருக்கும் ஆள்
இவள் மூச்சின் மிச்சத்தில் பிழைக்கிற ஆள்.

கருப்பை வளர வளர உதரவிதானம் மேலேறும்
என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நானும்.
இங்கே பார்த்தால்
ஒற்றை அறை வீட்டில்
பீரோவைச் சுவரோடு ஒட்டி நகர்த்திய மாதிரி இருக்கிறது.
ஏற்கெனவே நெருக்கடி.
மீதி இடத்திலும் கொரோனா
பாய் விரித்துவிட்டது.

குப்புறப் படுக்க வைக்க வேண்டும்.
கையேட்டில் உள்ள படங்களில்
எல்லோருக்கும் தட்டை வயிறு.

கணவன் அடைல்டன் வெளியே மழையில்,
காலி சிலிண்டரோடு வரிசையில் நிற்கிறான்.
பரின்டின்ஸிலிருந்து ஆற்றை எதிர்த்து
ஒரு நாளுக்கு மேல் படகில் வந்தவர்கள்.
இந்த ஆற்றில்
வளர்ந்தவர்களும் தூளியில்தான் தூங்குவார்கள்.
இவளுடையது மஞ்சளில் பச்சைக் கோடு,
டீசல் வாடை, மீன் வாடை.
அதை வாங்கி, பிளீச்சில் அலசி, பிழிந்து
சும்மாடு சுற்றுவதுபோலச் சுற்றினேன்.

மார்புக்குக் கீழே ஒரு சுற்று.
இடுப்புக்குக் கீழே ஒரு சுற்று.
நடுவே, முட்டையிட வந்த ஆமை
மணலில் பறிக்குமே
அந்த அளவுக்கு ஒரு குழி.
நாலு பேர் சேர்ந்து, மூன்று எண்ணிப் புரட்டினோம்.
வயிறு குழிக்குள் இறங்கி அமர்ந்தது.

தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று மூன்று.

நர்ஸ் ஜுசாரா பக்கவாட்டில் கையை நுழைத்து
பிள்ளையின் இதயத்தைத் தேடினாள்.
தூரத்து ஓடையில் சின்ன மோட்டார் படகு
அவசரமாகப் போகும் சத்தம்.

தொண்ணூற்று ஐந்து.
யாரும் சிரிக்கவில்லை.
சிலிண்டரின் முள்
சிவப்பில் கால் வைத்திருந்தது.

இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஓர் ஊசி.
பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பழுக்க இன்னொன்று.
தடுப்பூசி அந்த வாரம்தான் விமானமேறியிருந்தது,
அதுவும் கர்ப்பிணிகளுக்கு உண்டா என்று
யாரும் அப்போது சொல்லவில்லை.
"எனக்கு என்ன ஆகும்?" என்று
அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எண் சரிந்தது.
கத்தி வைத்தார்கள்.
ஆயிரத்து நூற்றெண்பது கிராம், பெண்.
அழுகை
பூனை தும்மியதைவிடச் சின்னது.
அடுத்த அறைக்கு ஓடினார்கள்.
தாய் குழாயோடு உறங்கிப் போனாள்.

இருபத்திரண்டு நாள்.

கண் விழித்ததும்
கை தானாகக் கீழே போனது.
தடவியது. நின்றது. திரும்பவும் தடவியது.
தொண்டையில் துளை, குரல் இல்லை.
போனில் படத்தைக் காட்டினேன்:
கண்ணாடிப் பெட்டி, வலை மாதிரி வயர்கள்,
உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு.
யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல
வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு உதடு அசைத்தாள்.
இரண்டு தடவை அசைத்த பிறகுதான் புரிந்தது.
தூளி.

அன்றைக்கே சிவப்புப் பையில் கட்டி
எரிக்க அனுப்பியிருந்தோம்.

"காய்கிறது" என்றேன்.

வெளியே
ஆறாவது நாளாக மழை.