ஐந்தாவது சுருள்

ஆயுகாவா துறைமுகத்தில் ஒரே ஒரு திரையரங்கு,
அதன் டிக்கெட் ஜன்னலில் நான்.
கடலிலிருந்து எழுந்து வரும் பூதத்தின் படம்
அந்த நவம்பரில் ஏழு நாள் ஓடியது.

திமிங்கிலம் அறுத்துப் பிழைக்கும் ஊர்.
ரப்பர் காலணிகளில் எண்ணெய் நாறும்,
நீட்டுகிற சில்லறையும் நாறும்.
விரல்நுனியால் வாங்கிப் பழகியிருந்தேன்.

முதல் ஆட்டம்.
முன்வரிசை முழுக்க அறுவைமேடை ஆட்கள்.
இவாபுச்சியின் குரல் ஜன்னல்வரை கேட்டது:
"முதுகெலும்பு தப்பான இடத்தில் மடங்குது.
உள்ளே ஆள் இருக்கான், முழங்காலைப் பாரு."
சிரிப்பு. வறுத்த பட்டாணி நொறுங்கும் சத்தம்.
பூதம் ரயிலைக் கடித்தபோது கைதட்டல்.
வரி அலுவலகத்தை மிதித்தபோது
கூரைத் தகரம் அதிர்ந்தது.

பிறகு ஐந்தாவது சுருள்.
விரிகுடாவில் மின்கம்பி வலை.
பூதம் கரைப்பக்கம் முகத்தை வைத்துப் படுக்கிறது.
ஒரு கண் மட்டும் மெல்ல மூடுகிறது.
இமையை இழுக்கும் நூல்கூடத் தெரியும்,
நன்றாகவே தெரியும்.

பட்டாணிச் சத்தம் நின்றுவிட்டது.

கதவிடுக்கில் பார்த்தேன்.
திரையில் சிப்பாய்கள் தொப்பியை வீசி ஆரவாரித்தார்கள்.
இங்கே செரிசாவா தொப்பியைக் கழற்றி
மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.
ஈட்டிப் பீரங்கிக்காரர்;
தொள்ளாயிரத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டவர்.
இவாபுச்சிக்குக் கண்ணீர் தாடைவரை வந்திருந்தது.
துடைக்கவில்லை.
அந்தக் கையால் துடைத்தால் கண் எரியும் என்று
அவருக்குத் தெரியும்.

உள்ளே போகும்போது 'அது' என்றவர்கள்
வெளியே வரும்போது 'அவன்' என்றார்கள்.
ஒரு பையன் ஜன்னலுக்கு எம்பிக்
காசைத் திருப்பிக் கேட்டான்.
"வழி தவறித்தானே வந்தது? ஏன் கொன்னாங்க?"
நாளைக்கு வா, நாளைக்கு
மறுபடி உயிரோடு வரும் என்றேன்.
பொய் இல்லை அது.
"மறுபடி சாகும்தானே" என்றான்.
அதுவும் பொய் இல்லை.

மறுநாள் காலை மேடைக்குப் போனேன்.
மீன்சந்தைக்கு அது வழியில்லை;
பார்க்கத்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன்.
பதினான்கு மீட்டர், ஆண்.
ஆளுயரப் பிடியுள்ள கத்தியோடு இவாபுச்சி
அதன் விலாவில் ஏறி நின்றார்.
தயங்குவார் என்று நினைத்தேன்.
கத்தி என்றைக்கும்போல் இறங்கியது,
கொழுப்பு என்றைக்கும்போல் சுருண்டு விலகியது.
அந்தச் சிவப்பு இறைச்சியில் அரைக்கிலோ வாங்கி
இஞ்சி போட்டுச் சமைத்தேன்.
ருசியாகத்தான் இருந்தது.

நான்காம் இரவு மறுபடி வந்தார்.
முழு டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்
நான்காவது சுருள் முடிந்ததும் வெளியே வந்து
என் ஜன்னலடி பெஞ்சில் உட்கார்ந்து
மூன்று தீக்குச்சி வீணாக்கினார். காற்று.

"போயிட்டானா?"

"இன்னும் நாலு நிமிஷம்."

சுவருக்கு அப்பால் அந்த அலறல் தொடங்கியது.
சுண்ணாம்புப் பூச்சு உதிர்வதுபோல் நீண்ட அலறல்.
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"குரல் சரியில்லை" என்றார்.
"அதுங்க கத்துறதில்லை."
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
உள்ளே விளக்கு எரிந்தது; கூட்டம் வந்தது;
எழுந்து அதோடு கலந்து போய்விட்டார்,
முழுப்படமும் பார்த்த ஆளைப்போல.

எட்டாம் நாள் இஷினோமாகி பேருந்தில்
படச்சுருள் டப்பாக்களை ஏற்றினேன்.
அங்கே ஒரு வாரம், பிறகு வேறெங்கோ.
ஐந்தாவதை மட்டும் கொஞ்ச நேரம்
கையில் தூக்கிப் பார்த்தேன்.
மற்றவற்றின் எடைதான்.

"படம் எப்படிம்மா?" என்றார் நடத்துனர்.

ரயிலைக் கடிக்கிற இடம்
நன்றாக இருக்கும் என்றேன்.