ஏறுவதற்கு இருபது தெத்ரி

இறங்குவதற்குக் காசில்லை.
ஏறுவதற்குத்தான்.

திபிலிசியின் வடகோடியில் பதினொரு மாடி,
சோவியத் காலத்துக் கான்கிரீட்.
லிஃப்டுக்குள் ஒரு தகரப் பெட்டி, வாயில் ஒரு கீறல்.
பத்து தெத்ரி போட்டால் கதவு மூடும்.
போடாவிட்டால்
அதுவும் நம்மோடு நின்று யோசிக்கும்.

பெட்டிச் சாவி என்னிடம்.
ஞாயிறு காலை சமையல் மேசையில் கவிழ்த்து
எண்ணுவேன்.
மற்ற நாட்களில் நகராட்சியில், பேருந்துக் கட்டணப் பிரிவில்,
இதே எண்ணிக்கை,
பூஜ்யங்கள் மட்டும் கூடுதல்.

போன பனிக்காலத்தில் இரும்புக் கயிறு நைந்துபோனது.
மாடிப்படியில் கூட்டம் போட்டோம், கோட்டைக் கழற்றாமல்.
தரைத்தளத்து ஜும்பெர் சொன்னான்:
"நான் ஏறுவதே இல்லை. நான் எதற்குக் கொடுக்க?"
பதினோராம் மாடி லமாரா:
"மழை முதலில் என் தலையில் விழுகிறது,
அப்புறம்தான் உனக்கு. அதற்கு என்ன கொடுத்தாய்?"
இரண்டாம் மாடிக்காரர்கள்
தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பயன்படுத்துகிறவர் கட்டட்டும் என்றேன் நான்.
சுத்தமான வாக்கியம்.
அலுவலகத்தில் அதற்குத் தலையாட்டுவார்கள்.

பத்து, இருபதானது.

முதல் வாரமே பெட்டி பேசிவிட்டது:
விலை இரட்டிப்பு, வரவு அதே.
பாதிப் பயணங்கள் எங்கே போயின?
நான்காம் மாடிப் பையன்கள் படிகளில் தடதடத்தார்கள்.
வாசலில் ஒரு சிறு கும்பல்,
ஒருவர் கையில் ரொட்டி, ஒருவர் கையில் உருளைக்கிழங்கு,
"எந்த மாடி? இரு, இன்னொருத்தர் வரட்டும்."
ஒரு காசுக்கு நான்கு பேர்.
ஆறு வருடம் என் எதிர்க்கதவில் வாழ்ந்தவர் பெயர் ஒக்ரோ,
அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி,
இரண்டையும்
மூன்றாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே தெரிந்துகொண்டேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

ஒரு மாதம் எனக்கு என்மேலேயே பெருமை.

மார்ச்சில், கேட்டருகே சூரியகாந்தி விதை விற்பவள் கேட்டாள்:
ஒன்பதாம் மாடி ம்ஸெவினார் ஊரில் இல்லையா?

போனேன். இருபது போட்டுத்தான்.
நாடக அரங்கில் கோட் வாங்கி மாட்டும் வேலை போய்,
இடுப்பில் ஆணி வைத்து,
ஜன்னலில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குவது இலவசம் என்று எழுதி ஒட்டியிருக்கிறாய்.
இறங்கியவள் ஏற வேண்டாமா?
ரொட்டி நூறு தெத்ரி, எனக்கு நூற்றிருபது.
காற்று வாங்கப் போனால்
நிஜமாகவே வாங்க வேண்டியிருக்கிறது."

கும்பலோடு ஏறலாமே என்றேன்.

"ஏறலாம்.
'இரு, நான் போடுகிறேன்' என்று
அஞ்சாவது தடவையும் யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு."

விழுந்த காசுக்குத்தான் சத்தம்.
என் மேசையில் அந்த ஞாயிறு
குவியல் வழக்கம்போல இருந்தது, வழக்கம்போலச் சரியாக வந்தது.
அவள் அதில் இல்லாததை
அது எப்படிச் சொல்லும்?

பழையபடி பத்தாக்கினால் கயிறு அறும்.
எல்லோரும் மாதச் சந்தா என்றால் ஜும்பெர் நீதிமன்றம் போவான்,
போனால் ஜெயிக்கவும் ஜெயிப்பான்.
பெட்டியைத் தாண்டி லிஃப்டை ஓட்டும் சிறு சாவி ஒன்று உண்டு.
அதற்கு நகல் வெட்டி
அவள் கதவிடுக்கில் நுழைத்துவிட்டு வந்தேன்.
இது கொள்கை இல்லை. தெரியும்.
மூன்றாம் மாடியில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருக்கிறார்,
அதுவும் தெரியும்.

திங்கள்கிழமை பேருந்துக் கட்டணக் கோப்பு வந்தது:
ஐம்பதை எண்பதாக்கினால் எதிர்பார்க்கும் வரவு.
ஓரத்தில் ஒரு பத்தி கூட்டினேன்,
தலைப்பு: வராமல் போகிறவர்கள்.
வெள்ளையாகக் கீழே வரை ஓடியது.

மேலதிகாரி எல்குஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதை எப்படி நிரப்புவது?"

"ஏறிப் போய்க் கேட்க வேண்டும்."

"எத்தனை மாடி?"