இடது அம்பு

பினாங்கில் ஒரு மால் மூடியபோது
நைனா காக்கா ஏலத்தில் எடுத்தவை:
இரண்டு ஏ.சி., ஒரு பாப்கார்ன் வண்டி,
காலால் ஆடும் ஒரு பெட்டி.
தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் கீழக்கரை வந்து
ஜவுளிக்கடை மாடியில் ஏறியது.
திரையில் அம்புகள் மேலே போகும்,
கோட்டைத் தொடும் நொடியில் மிதிக்க வேண்டும்.
முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.
ஆட்டம் பத்து ரூபாய்.

நான் ஸ்க்ரூடிரைவர் ஆள்.
எந்தப் பாட்டும் எங்களுக்குத் தெரிந்த மொழியில் இல்லை.
ஆனாலும் முதல் பெருநாளுக்கு
கடைசிப் படிவரை செருப்பு.
பெரியபட்டினத்துப் பையன்கள் ஒரு பைக்கில் மூன்று பேராய்.
வியாழக்கிழமை லுஹருக்கும் அஸருக்கும் நடுவே
ஷட்டர் பாதி இறங்கும், பெண்களுக்கு.
நான் அப்போது கீழே, துணிக்கட்டுகளுக்கு நடுவே.
கூரை அதிர்வதை வைத்தே
ஆடுவது யாரென்று சொல்வேன்.

மதிப்பெண் பலகையில் பெயருக்கு
மூன்றெழுத்துத்தான் இடம்.
ஜுலைகா ஜுல் ஆனாள்.
செய்யது இபுராகிம்கள் நான்கு பேர்
ஒரே மூன்றெழுத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

ஜன்னல் கடலைப் பார்த்தது.
உப்புக்காற்று முதலில் தின்றது இடது அம்பை.
தகட்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால்
பத்து நாள் தாங்கும், மறுபடி மந்தம்.
பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை,
இடதை மட்டும் ஓங்கி மிதிக்கப் பழகிவிட்டார்கள்.

எப்போது ஓய்ந்தது, தேதி இல்லை.
அலை மாதிரி வந்து போனது என்கிறார்கள்.
கரையில் இருப்பவன் அப்படிச் சொல்ல மாட்டான்,
அலை திரும்ப வரும்.
டேட்டா மலிவான வருஷம், கட்டைவிரல் போதும் என்றாயிற்று.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்த அன்று
எல்லா மூன்றெழுத்தும் அழிந்தது.
காயலான் கடைக்காரர் கிலோக்கணக்கில் எடுத்தார்,
திரைக்குத் தனி விலை.

ஷார்ஜாவில் ஏ.சி. வேலை எனக்கு.
ஒரு மால், கூரைக்குள் பாதி உடம்பு.
கீழே விளையாட்டு மூலையில் அதே ஜாதிப் பெட்டி,
தொட்டாலே பதில் சொல்லும் புதுத்தகடு.
ஒருத்தி ஆடுகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது.
வலது மெல்ல. மேல் மெல்ல. கீழ் மெல்ல.
இடது டம்.
வலது மெல்ல.
இடது டம்.
ஏணியிலிருந்தே கேட்டேன்: "கீழக்கரையா?"
திரும்பாமல் சொன்னாள்:
"பாட்டு முடியட்டும்."

இப்போது ஊரில் ஒரு வீட்டில்
தலையில் கண்ணாடி மாட்டி, தாளத்துக்கு
வாள் வீசும் ஆட்டம் இருக்கிறது.
மின்விசிறியில் ஒரு இறக்கை இல்லை.
ஃபோனில் இருந்த ஒன்று
'இதுவரை ஆதரவுக்கு நன்றி' என்று மூடிக்கொண்டது,
காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளோடு.

லாத்தா மகள் ரிஃபானா ஆடுவது குறைவு,
அம்பு அடுக்குவதுதான் அவளுக்கு ஆட்டம்.
அதற்கு இலவச மென்பொருள் உண்டாம்.
பாட்டே வேண்டாமென்று
ஏர்வாடித் துறையில் விடியுமுன் கிளம்பும்
ஒரு வள்ளத்தின் எஞ்சினைப் பதிந்து வந்தாள்.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
அம்பு வைக்க மூன்று வாரம்.
பதினோரு பேர் இறக்கிக்கொண்டார்கள்,
ஒருவன் சிலி நாட்டில்.

"இதெல்லாம் இனி நிற்குமா?" என்றேன்.
"பதினோரு பேர் மாமா" என்றாள்.
அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

சிலிக்காரன் எழுதியிருந்தான்:
ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டில்
ஓர் அம்பு அரைத்தட்டு பிந்துகிறது, திருத்தவும்.
அவள் திருத்தவில்லை.
டீசலில் தண்ணீர். அங்கே எஞ்சினே
ஒரு மூச்சு விட்டுப் பிடித்தது.

நேற்று மாடியில் ரப்பர் பாய் விரித்து
நானும் ஏறினேன்.
சரியாக அந்த இடத்தில் தப்பு விழுந்தது.
மறுபடி போட்டேன். மறுபடி தப்பு.
மூன்றாம் தரம் போடும்போது
கீழேயிருந்து லாத்தா கத்தினாள்:
"நீதானா அது?"