களிம்பு எடுத்தல்

புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
குத்துவிளக்கென்று நினைத்துக்கொண்டு யாரோ,
கார்த்திகைக்கு முந்தின நாளாயிருக்கும்,
மூடியைத் திறந்து மொத்தமாய்.
பல்சக்கர இடுக்கில் கோது
கறுத்துக் கல்லாகியிருந்தது.

கொண்டுவந்தவர் தவசி,
உசிலம்பட்டியில் பழைய இரும்புக்கடை.
தகரப் பெட்டியில் எடைக்கு வந்ததாம்
லாந்தர் மூடிகளோடும் பூட்டில்லாத சாவிகளோடும்.
"ஓடுனா ஆறாயிரம் சார்.
பளபளன்னு ஓடுனா எட்டு."

பகலில் நான் பத்திர எழுத்தன்.
பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி இடம்.
வடக்கில் இன்னார் புஞ்சை, கிழக்கில் ஓடை,
இதற்குட்பட்ட இருபத்து மூன்று சென்ட்.
ராத்திரி எட்டுக்கு மேல்தான் இது.

பேலன்ஸை முதலில் கழற்றினேன்.
மூச்சுக்கே சுருளும் கம்பி,
சித்திரை வெக்கையிலும் மின்விசிறி கூடாது.
வியர்வை ஒரு சொட்டு விழுந்தால்
விடிவதற்குள் அங்கே துரு முளைக்கும்.
பத்து விரலுக்கும் ரப்பர் உறை.
எஃகுத் திருகுகள் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி,
பிறகு மூங்கில் குச்சியைச் சீவி
எண்ணெய் தொட்டுத் தொட்டு.
பித்தளைத் தட்டுகளுக்கு
சோப்புத் தண்ணீரில் நாலு சொட்டு அமோனியா,
இரண்டு நிமிடம்.
மூன்றாவது நிமிடத்தை நான் நம்பமாட்டேன்.
கண் கரிக்கக் கரிக்கக்
கிண்ணத்துத் தண்ணீர் மயில்கழுத்தானது.

செம்போடு கூடப்பிறந்தது களிம்பு என்று
ஆடி வீதிச் சொற்பொழிவில் ஒருவர் சொன்னார்.
உயிருக்கு மலம்போலவாம்.
அவர் ஒரு கடிகாரத்தையும் திறந்ததில்லை.
இது ஈரத்தில் வந்தது ஐயா,
புளியில் வந்தது,
தொட்ட கையில் வந்தது.

மூன்று தட்டுகள் துலங்கிவிட்டன.
நான்காவதில்
லென்ஸுக்கு அடியில் ஒரு பெருவிரல்.
இடப்பக்கம் திரும்பும் சுழி,
குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு.
நாளுக்கு முப்பது கைநாட்டு வாங்குகிறவனுக்கு
இது தெரியாதா.
என் ஊதா மை ஒரு மழைக்குத் தாங்காது.
இது தன் உப்பால்
பொன்முலாமைத் தின்று பித்தளைக்குள் இறங்கியிருக்கிறது.

மூடியின் உள்பக்கம்
ரிப்பேர்காரன் ஊசியால் கீறியது: 1919.
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வருஷம் தெரியும்.
ரேகைச் சட்டம்.
ஊர் ஊராய் ஆண்பிள்ளைகளின் விரல் கேட்டு வந்த சர்க்கார்.
தரமாட்டோம் என்றது பெருங்காமநல்லூர்.
மறு பங்குனியில் துப்பாக்கி பேசியது.

அவர்களில் ஒருவர் விரல் என்று எழுத
என்னிடம் ஆவணம் இல்லை.
டவுன்ஹால் ரோட்டில்
வடை தின்ற கையோடு திறந்த
அந்த ரிப்பேர்காரனுடையதாயிருக்கலாம்.
ராத்திரிக்கு ராத்திரி கச்சேரியில் படுக்கவைத்து
மணி பார்த்து ஆளெண்ணிய
ஏட்டின் விரலாகவும் இருக்கலாம்.
அதுதான் தூங்கவிடவில்லை.

நேற்று ஒச்சம்மாள் வந்திருந்தாள்,
மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுத.
கருவியில் ஒவ்வொரு விரலாய் வைத்தாள்.
பதியவில்லை என்றது.
சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள்.
செங்கல்லும் களையும் சட்டிப்பானையும்
வழித்தெடுத்த விரல்கள்,
கூழாங்கல் மாதிரி.
"அன்னைக்கிக் குடுக்கமாட்டோம்னு செத்தாக.
இன்னைக்கிக் குடுத்தா வாங்கமாட்டேங்குது"
என்று சொல்லி
மூக்குத்தி ஆடச் சிரித்தாள்.
எழுதிக்கொண்டிருந்த வரியை
இரண்டு முறை எழுதிவிட்டேன்.

மெருகுப் பசை டப்பா திறந்தேதான் இருந்தது.
ஐந்து நிமிட வேலை.
மூடி வைத்தேன்.

தவசி கண்ணுக்கு எதுவும் தப்பாது.
"நாலாவதுல என்ன சார் அழுக்கு?"
"போகாது, தேச்சா முலாம் போயிரும்."
பாதி நிஜம்.
"அப்ப ஆறுதான்," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

இன்று திரும்பி வந்திருக்கிறது.
நாளுக்கு நாலு நிமிஷம் முந்துகிறதாம்.
மறுபடி திறக்கவேண்டும்.
ரப்பர் உறை
தீர்ந்துபோய் ரெண்டு நாளாகிறது.