மெய்யெழுத்து

ஈயம் தேடத்தான் அந்தக் கருவியை வாங்கினேன்.
வலிநோக்கத்தில் கப்பல் உடைத்த காலத்து ஆள்
பாட்டரி மூடி இல்லாமலே கொடுத்தான்,
ரப்பர் பட்டை சுற்றிக்கொண்டேன்.
அறுந்த வலைகளின் குண்டுகள்
கிலோ நூற்றைம்பதுக்குப் போகும்.

ஆடிச் சோளகம் ஒன்பது நாள் அடித்து
மூக்கையூர்க் கரையை முழங்கால் ஆழம் வழித்துப் போயிருந்தது.
கோயிலுக்குக் கிழக்கே, தாழம்புதர் தாண்டி,
கருவி கத்தியது.
ஈயம் என்றால் முனகும். இது
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

தோண்டினால் கறுப்பாக ஒரு வில்லை.
என்ஜின் வாஷர் என்றே நினைத்தேன்,
நடுவில் ஓட்டை இல்லை என்பதைப்
பார்க்கும்வரை.

பிலோமி புளி போட்டுத் தேய்த்தாள்.
தப்பு. பிறகுதான் தெரிந்தது.
ஒரு பக்கம் குசினிச் செம்புபோலப் பளபளத்ததும்
மறுபக்கத்தை நான் பிடுங்கிக்கொண்டேன்.
அதனால் பாதி இரவு, பாதி பகல்.

சாயல்குடியில் வில்வலிங்க ஆசாரி
நிறுத்தார்: இருபத்தாறு கிராம், நானூறு மில்லி.
கல்லில் உரைத்தார்.
"கொலுசு வெள்ளியைவிட நல்ல மாற்று.
உருக்கிடவா?"
உலை எரிந்துகொண்டுதான் இருந்தது.
பொய் சொல்வானேன், யோசித்தேன்.
பள்ளிக்கூடப் பீஸ் கட்டாத மாதம் அது.

கீழக்கரை வங்கியில் மெகர்பானு, காசாளர்,
சாப்பாட்டு நேரத்தில்
நகைக்கடன் லென்சைக் கண்ணில் வைத்து
முதலில் ராஜாவைப் பார்க்கவில்லை, விளிம்பைப் பார்த்தார்.
வட்டம், கட்டம், வட்டம், கட்டம்.
"கள்ளக்காசு அடிக்கிறவன் இங்கேதான் சோம்பேறியாவான்."
காந்தம் வைத்தார். காசு
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு படித்தோம்.
பதினேழு தெரிந்தது. எட்டு தெரிந்தது.
கடைசி எண்ணைக் கடல் வைத்துக்கொண்டது.
சுற்றி எழுதிய பெயர் நான்காம் கார்லோஸ்.
முகமோ அவன் அப்பனுடையது.
அப்பன் செத்த சேதி கப்பலேறி
மெக்சிகோ போய்ச் சேர்ந்துவிட்டது,
மகனின் முகம் இன்னும் வரவில்லை.
அக்கசாலை காத்திருக்குமா?
செத்தவன் முகத்தைச் சுற்றி
இருப்பவன் பெயரை அடித்துவிட்டார்கள்.
"அப்போ எண்பத்தொன்பது" என்றார் மெகர்பானு,
டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

மூக்கு தேய்ந்த ராஜா
வந்து சேர்ந்த ஊர் மூக்கையூர்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல்
காசைத் திருப்பினார்.
இரண்டு தூண், சுற்றிய நாடா.
ஒரு தூணின் சொல்லைச் சிப்பி தின்றிருந்தது.
மற்றதில் 'அப்பால்' மட்டும் மிச்சம்.
ஓரத்தில் ஓர் எம், அதன் தலையில் பொடி வட்டம்.
மெக்சிகோ நகரத்து முத்திரை என்றார்.
எனக்கு அது
புள்ளி வைத்த ம்.

அதையடுத்து இரண்டு எழுத்து.
வெள்ளி சுத்தம் என்று ஜாமீன் நின்ற
உரைகாரர்களின் தலைப்பெழுத்து.
அத்தோடு ராஜாவை மறந்துவிட்டேன்.
விரல் கறுத்த இரண்டு பேர்
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு
உலை வெளிச்சத்தில் நிற்கிறார்கள்,
உருக்கிடவா என்று
ஒருவரையும் கேட்காமல்.

ராஜாவின் கன்னத்தில் சின்னதாக ஒரு குத்து.
எந்தத் துறைமுகத்திலோ எவனோ
நம்பாமல் குத்திப் பார்த்தது.
சங்குக்கு வந்தாயா, முத்துக்கு வந்தாயா,
முங்கினவன் மடியிலிருந்து விழுந்தாயா?
பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன்.
சட்டைப் பைக்குள் அது
ம் கொட்டிக்கொண்டே வந்தது.

என் பெயர் சந்தியாகு.
அதுவும் அந்தக் கரையிலிருந்து வந்த பெயர்தானாம்.
எவன் கொண்டுவந்தான்,
எத்தனை கிராம் தேய்ந்தது,
யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

கடலாடி தாலுகா ஆபீசில் ஒப்படைத்தேன்.
எட்டு ரியால், மகன் பெயர், அப்பன் முகம்,
இரண்டு உரைகாரர்கள், எல்லாம் சொன்னேன்.
எழுத்தர் படிவத்தில் எழுதினார்:
வெள்ளை உலோக வில்லை, பழையது, ஒன்று.
"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?"
தலை தூக்காமல்
ம் என்றார்.