மூன்றாம் சிலிண்டரில் களிமண்

பிளாக் புதுப்பேட்டையில் கிடைத்தது,
ஒரு ஹெரால்டின் வயிற்றிலிருந்து,
மழைத்தண்ணீரும் ஓர் ஐஸ்குச்சியுமாக.
"ஸ்பிட்ஃபயருக்கா? ரெண்டும் ஒரே தாய் வயிறுக்கா"
என்றான் தஸ்தகீர்.
நம்பவில்லை. அளந்தபின் நம்பினேன்.
அளப்பதுதான் என் பிழைப்பு:
அம்பத்தூரில் ஒரு நாளைக்கு நானூறு புஷ்,
சரி, சரி, சரி, தள்ளு, சரி.

போர் செய்து, ஹோன் அடித்து,
ஆட்டோவில் ராயபுரம் கொண்டுவந்த ராத்திரி
எண்ணெய் தடவ மறந்தேன்.
விடிந்தால் நான்கு சிலிண்டரும்
வெற்றிலை போட்ட வாய்.
காசிமேட்டுக் காற்றுக்குப்
புது இரும்பென்றால் அவ்வளவு ஆசை.
மறுபடி ஆட்டோ. மறுபடி ஹோன்.

கனெக்டிங் ராடு நான்கையும்
துணிப்பையில் போட்டுக்கொண்டு சவுகார்பேட்டை போனேன்.
கொலுசுக்கும் மூக்குத்திக்கும் நடுவே
கேவல்சந்த் ஒவ்வொன்றாய்த் தராசில் வைத்தார்.
"எத்தனை கேரட்?" என்றார், சிரிக்காமல்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
அறுநூற்றொன்பதரை.
அறுநூற்றுப் பதினைந்து.
அறுநூற்று நாலு.

இங்கே கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும்.
நோஞ்சான்தான் அளவு.
மற்ற மூன்றும் அதற்கு இறங்கி வர வேண்டும்.

இருபத்துநாலரை கிராம் இரும்பு
பொடியாகி என் மூக்கில், ரவிக்கையில்,
ஒருநாள் தோசையில்.
சின்ன முனையைத் தொங்கவிட்டுப் பெரிய முனை,
பெரிய முனையைத் தொங்கவிட்டுச் சின்ன முனை.
நாலாம் முறை போனபோது கேவல்சந்த் டீ சொன்னார்.
ஐந்தாம் முறை
தராசையே வாடகைக்குக் கொடுத்துவிட்டார்.

காற்றின் ஆசையைச் சொன்னேன்.
கேம் ஷாஃப்டின் மூக்கை உயர்த்தச் சொன்னது நான்.
ஹெட்டைச் சீவச் சொன்னதும் நான்.
ஒரு மில்லியில் "போதும்கா" என்றான் தஸ்தகீர்.
"இன்னும் அரை."

அடுத்த வீட்டு ரெமிஜியஸிடம், அவனுக்கு ஆறு வயது,
பச்சைக் களிமண் கடன் வாங்கினேன்.
மூன்றாம் பிஸ்டன் தலையில் வடை தட்டி,
ஹெட்டை மூடி, போல்ட்டை இறுக்கி,
கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று.
மெதுவாக.
திறந்தேன்.

இன்டேக் வால்வு பதிந்த பிறை.
பிறைக்கு அடியில் களிமண் இருந்ததாகவே சொல்ல முடியாது.
பிளேடால் அறுத்து அளந்தேன்:
புள்ளி ஆறு.
இரண்டு மில்லி இருக்க வேண்டிய இடம்.
ஆறாயிரம் சுற்றில் ஸ்பிரிங் ஒரு கணம் கண்ணயர்ந்தால்
வால்வும் பிஸ்டனும் முத்தமிட்டுக்கொள்ளும்.
முத்தம், ஒர்க்ஷாப் பாஷை.
பிறகு மிச்சத்தைச் சல்லடையில் அள்ளலாம்.

கம்பெனியில் என்றால் சிவப்புப் பெட்டியில் போட்டு
யார் செய்தது என்று ஒரு தாளில் எழுதுவேன்.
இந்தத் தாளில் என் பெயர்.

பிஸ்டன் தலைகளில் பிறை வெட்டுவதைத் தவிர வழியில்லை.
ஒன்றரை மில்லி ஆழம்.
மிச்சத் தடிமன் ஐந்தரை.
"தாங்குமா?"
தஸ்தகீர் பதில் சொல்லாமல்
மில்லிங் மெஷினைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.
ஹெட்டில் பிடுங்கியதில் பாதியைப்
பிஸ்டனில் திருப்பிக் கொடுத்தேன்.
வெட்டியதால் எடை மாறியது.
மறுபடி தராசு. மறுபடி ஒரு நோஞ்சான்,
இம்முறை இரண்டாம் நம்பர்.

களிமண்ணைக் கேட்டு வந்தான் ரெமிஜியஸ்.
"மினுக்குது" என்றான். அலுமினியப் பொடி.
பரவாயில்லையாம், நண்டு செய்தான்.
நண்டின் முதுகில் பாதி வால்வு இன்னும் தெரிகிறது.

வண்டி எப்போது ஓடும் என்று
தெருவே கேட்கிறது.
டைமிங் செயின் டென்ஷனர் வரவில்லை.
கேவல்சந்த் தராசைத் திருப்பிக் கேட்கிறார், அட்சய திருதியை வருகிறதாம்.

படுக்கப் போகுமுன்
நான்கு சிலிண்டருக்கும் விரலால் எண்ணெய் தடவுகிறேன்.
மூன்றாவதற்குக் கொஞ்சம் கூடுதலாக.